கல்லூரி நூலகம்: வேலூர் பக்கத்து மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். புது வருஷம் தொடங்கியதும் கவுன்ட்டரில் வரும் கேள்விகள், அப்புறம் ப்ராஜெக்ட் சமயத்தில் மூச்சிரைக்க ஓடிவந்து கேட்கும் கேள்விகள், இரண்டையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். கேட்டவர்களுக்கு அப்போதே பதில் சொல்லியாயிற்று. கவுன்ட்டர் வரைக்கும் வராமலே மூன்று வருஷத்தை முடித்துவிட்டுப் போகிற பிள்ளைகளுக்காகத்தான் இப்போது எழுதுகிறேன். கலைக் கல்லூரி மாணவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன், இன்ஜினியரிங், நர்சிங் படிப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். எத்தனை புத்தகம் எடுக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், ஃபைன் எவ்வளவு என்பதெல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், அதை உங்கள் நூலக நோட்டீஸ் போர்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்மிஷன் போட்டாச்சு. லைப்ரரிக்குத் தனியாக மெம்பர் ஆகணுமா?

பெரும்பாலும் வேண்டாம். பல கல்லூரிகளில் ஐடி கார்டில் இருக்கும் பார்கோடுதான் நூலக அட்டை. கார்டு வருவதற்கு மாதக்கணக்கில் ஆகிறதா? ஃபீஸ் ரசீதைக் காட்டி, உள்ளே உட்கார்ந்து படிக்கவாவது விடுங்கள் என்று கேளுங்கள். கார்டு வரும்வரை காத்திருந்தால் முதல் இன்டர்னலே முடிந்துவிடும்.

உள்ளே போகவே தயக்கமாக இருக்கிறது. என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது?

என் நோட்டில் இதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் இது என்னுடைய கேள்வி. ஒடுகத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்தவன் நான், வீட்டில் அதற்கு முன் யாரும் கல்லூரிப் பக்கம் போனதில்லை. முதல் வருஷம் ஒருநாள் நூலக வாசலில் பையை வைத்துவிட்டு, ரிஜிஸ்டரில் பெயர் எழுதி, உள்ளே கால் வைத்ததும் அங்கே இருந்தவர் “என்ன புக்கு?” என்று கேட்டார். எனக்கு ஒரு புத்தகத்தின் பெயரும் தெரியாது. “சும்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவன், அந்த வருஷம் முழுக்க அந்தப் பக்கம் போகவே இல்லை. இரண்டாம் வருஷம் ஒரு சீனியர் அண்ணன் கூட்டிக்கொண்டு போனார். அவர் கவுன்ட்டரில் நின்று கேட்டது இவ்வளவுதான்: “சார், எகனாமிக்ஸ்ல பணவீக்கம் பத்தி எளிமையா எதுல இருக்கும்?” புத்தகத்தின் பெயர் தெரியாமலும் கேட்கலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதனால் சொல்கிறேன், பெயர் தெரிய வேண்டாம். பாடம் தெரிந்தால் போதும். “செகண்ட் இயர், இந்த யூனிட் புரியவில்லை” என்று சிலபஸ் தாளை நீட்டினாலும் போதும், தேடிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. நம்ம சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார், அதில் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. அவர் பிறந்த ஆகஸ்ட் 12-ஐத்தான் நாடு முழுக்க நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். நீங்கள் கவுன்ட்டரில் வந்து கேட்பதால் எங்களுக்குத் தொந்தரவு எதுவும் இல்லை. ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் அடுத்த நாள் இன்னொருவரிடம் கேளுங்கள், திரும்பி மட்டும் போய்விடாதீர்கள்.

புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்கள் எதற்கு?

அதுதான் அந்தப் புத்தகத்தின் கதவு எண். கால் நம்பர் என்போம். பெரும்பாலான கல்லூரிகளில் ட்யூயி முறை இருக்கும், 1876-ல் வந்தது, எல்லாப் பாடங்களையும் 000 முதல் 999 வரை பிரிக்கிறது. 510 கணிதம், 530 இயற்பியல், 540 வேதியியல், 657 கணக்குப்பதிவியல், 005 பக்கம் கம்ப்யூட்டர் ப்ரோகிராமிங், 820 ஆங்கில இலக்கியம், 894.811 தமிழ் இலக்கியம், 954.82 தமிழ்நாட்டு வரலாறு. உங்கள் பாடத்தின் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மூன்று வருஷத்துக்கும் அது போதும். ஒரு புத்தகம் கிடைத்ததும் அதன் இடம் வலம் இருப்பதையும் இழுத்துப் பாருங்கள், ஒரே விஷயத்தைப் பற்றிய புத்தகங்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். எடுத்ததை நீங்களாகவே அலமாரியில் திரும்பச் செருக வேண்டாம், மேசையிலேயே வைத்துவிடுங்கள். தவறான இடத்துக்குப் போன புத்தகம் அடுத்த ஸ்டாக் எடுக்கும்வரை தொலைந்த புத்தகம்தான்.

ஓபாக்கில் தேடினால் தமிழ்ப் புத்தகம் வரவே இல்லை. ஆனால் அலமாரியில் இருக்கிறது. எப்படி?

ஓபாக் என்பது நூலகக் கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டியல். கோஹா, சோல் மாதிரி ஒரு மென்பொருளில் ஓடும். அதில் தமிழ்ப் புத்தகங்களை ஏற்றியது வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழ் ஒரே மாதிரித் தெரியவைக்கும் யூனிகோடு முறை வருவதற்கு முன் ஏற்றியவர்கள் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்திருப்பார்கள், அல்லது அந்தக் காலத்து ஃபான்ட்டில் அடித்து இன்றைக்கு அது கிறுக்கலாகத் தெரியும். அதனால் தமிழில் ஒரு தடவை தேடுங்கள், ஆங்கில எழுத்தில் ஒரு தடவை தேடுங்கள். ‘ழ’ வரும் இடத்தில் இசட் போட்டும், எல் போட்டும், இரண்டும் சேர்த்தும் பாருங்கள். முழுப் பெயரை அடிக்காதீர்கள், நடுவில் உள்ள ஒரே ஒரு சொல் போதும். ஆசிரியர் பெயரில் தேடும்போது இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதே ஒரு சிக்கல், அதனால் இனிஷியலை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் கொடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் வரவில்லை என்றால் 894.811 அலமாரிக்கு நேராகப் போய் நில்லுங்கள். பட்டியலில் இல்லை என்பதற்காகப் புத்தகமே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஓபாக்கில் வராமல் அலமாரியில் கண்டெடுத்தால் கவுன்ட்டரில் சொல்லுங்கள், சரி செய்துவிடுவோம், அடுத்து வரும் பிள்ளைக்கு அது கிடைக்கும்.

எங்களுக்குக் காலை ஷிஃப்ட். மதியம் முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எப்போது லைப்ரரிக்குப் போவது?

நியாயமான கேள்வி. பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பஸ் போனால் அடுத்தது எப்போது என்பதே பெரிய கவலை, சிலர் மதியத்துக்கு மேல் வேலைக்கும் போகிறார்கள். வாரத்தில் ஒருநாள், ஃப்ரீ ஹவர் வரும் நாள் எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உட்கார்ந்து படிக்க வேண்டாம், எடுப்பதும் திருப்பிக் கொடுப்பதும் மட்டும், பத்து நிமிஷ வேலை. என்ன வேண்டும் என்பதை முன்னாலேயே தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஓபாக்கை போனில் பார்க்கும் வசதி உங்கள் கல்லூரியில் இருந்தால் பஸ்ஸிலேயே கால் நம்பரைக் குறித்துக்கொள்ளலாம். மீதிப் படிப்பை வீட்டில் செய்ய வழி இருக்கிறது, கீழே என்-லிஸ்ட் பற்றிச் சொல்கிறேன்.

டெக்ஸ்ட் புக் மூன்று காப்பிதான் இருக்கிறது. வகுப்பில் அறுபது பேர். யார் முந்துகிறார்களோ அவர்களுக்குத்தானா?

மூன்றில் ஒரு காப்பி ரெஃபரன்ஸ் பகுதியில் இருக்கும், வெளியே போகாது. அதை யாரும் கேட்பதில்லை, எல்லோரும் வீட்டுக்குக் கொண்டுபோகும் காப்பிக்கே அலைகிறார்கள். அடுத்து, ரிசர்வ் செய்யலாம், பெயரைப் பதிந்து வைத்தால் திரும்பி வந்ததும் உங்களுக்குத்தான். உங்கள் துறையில் ஒரு பீரோவில் தனியாக டிபார்ட்மென்ட் லைப்ரரி இருக்கலாம், ஹெச்ஓடியிடம் கேளுங்கள். செமஸ்டர் முழுக்க வைத்துக்கொள்ளக் கொடுக்கும் புக் பேங்க் சில கல்லூரிகளில் உண்டு, குறிப்பாக எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு. இருக்கிறதா என்று விசாரிக்க வெட்கப்பட வேண்டாம், உங்களுக்காக வாங்கி வைத்தது அது.

முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுக்கலாமா?

படிப்புக்காக வேண்டிய அதிகாரத்தை எடுக்கலாம். 1957-ன் காப்புரிமைச் சட்டம், பிரிவு 52, சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. வகுப்புக்காகப் பல புத்தகங்களிலிருந்து பக்கங்களைத் தொகுத்து ஜெராக்ஸ் போடுவது பற்றிய வழக்கில் 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மாணவர்கள் பக்கம்தான் தீர்ப்பு சொன்னது. கடையில் கிடைக்கும் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை நகல் எடுப்பது வேறு விஷயம், அதை நான் செய்து தரமாட்டேன்.

என்-லிஸ்ட் என்றால் என்ன? பாஸ்வேர்டு எங்கே கிடைக்கும்?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று தோன்றுகிறது. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் என்ற யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) மையம் நடத்தும் திட்டம் அது. அதில் சேர்ந்திருக்கும் கல்லூரியின் ஒவ்வொரு மாணவருக்கும் 6,000-க்கும் மேற்பட்ட ஆய்விதழ்களும் லட்சக்கணக்கான மின்நூல்களும் திறக்கின்றன, வீட்டிலிருந்தே, நடு ராத்திரியிலும். கல்லூரி பதிவு செய்திருக்கும், ஆண்டுக் கட்டணம்கூடக் கட்டியிருக்கும், மாணவர்கள் மட்டும் உள்ளே நுழைந்திருக்க மாட்டார்கள். வருஷா வருஷம் இதைப் பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நடப்பது இதுதான். நூலகர் உங்கள் பெயர்களையும் மெயில் ஐடிகளையும் மொத்தமாக ஏற்றுகிறார். பாஸ்வேர்டு உங்கள் மெயிலுக்குப் போகிறது. ஆனால் அட்மிஷன் சமயத்தில் பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டபோது அங்கே இருந்த அண்ணன் தன்னுடைய மெயில் ஐடியையோ, அங்கேயே புதிதாக ஒன்று உருவாக்கியோ போட்டிருப்பார். அந்த மெயிலின் பாஸ்வேர்டு உங்களிடம் இல்லை. ஆக, உங்களுக்கு வந்த சாவி யாருக்கும் தெரியாத பெட்டியில் கிடக்கிறது! சொந்தமாக ஒரு மெயில் தொடங்குங்கள், பெயரும் ரிஜிஸ்டர் நம்பரும் எழுதி அதை நூலகரிடம் கொடுத்து, “என்-லிஸ்ட்ல என் மெயிலை மாத்துங்க” என்று சொல்லுங்கள். சில நிமிஷ வேலை. வரவில்லை என்றால் ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.

உள்ளே போனதும் முதல் நாள் பயமுறுத்தும், எல்லாம் ஆங்கிலம், எல்லாம் நீளம். கட்டுரையின் தொடக்கத்தில் இருக்கும் சுருக்கத்தை மட்டும் படியுங்கள், அப்புறம் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள். அது உங்களுக்கு வேண்டியது என்று தெரிந்தால் மட்டும் நடுவில் நுழையுங்கள். நான் அப்படித்தான் பழகினேன்.

ஒரே நாடு ஒரே சந்தா என்கிறார்களே, அது வேறா?

வேறு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கு இது. எல்ஸ்வியர், ஸ்ப்ரிங்கர், வைலி போன்றவர்களின் இதழ்களைச் சாதாரண அரசுக் கல்லூரிப் பிள்ளை தொட்டுப் பார்க்க முடியாத காலம் இருந்தது. இப்போது அரசுக் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்றால் கேட்டு வாங்குங்கள், குறிப்பாக எம்எஸ்சி முடித்துப் பிஹெச்டி செய்கிறவர்கள். தனியார் சுயநிதிக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் வரவில்லை, அவர்களுக்கு என்-லிஸ்ட்தான் வழி.

காசில்லாமல், எந்தக் கல்லூரியாக இருந்தாலும், யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைப்பவை எவை?

நிறைய. ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகம் இருக்கிறது, மெயில் ஐடி போதும். ஷோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஹெச்டி ஆய்வேடுகள் 5 லட்சத்துக்கும் மேல், திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டும் தேடலாம். ஆய்வேட்டை முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. கடைசியில் இருக்கும் துணைநூற்பட்டியலைப் பாருங்கள், நாலு வருஷம் ஒருவர் அலைந்து சேர்த்த பட்டியல் அது. தமிழ் படிப்பவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம், அங்கே நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் பழைய இதழ்களும் ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன. 1998-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் எழுத்து வடிவிலேயே கிடைக்கிறது, சொல்லைத் தேட வேண்டும் என்றால் இதுதான் வசதி. எம்ஏ, எம்எஸ்சி பாடங்களுக்கு இ-பிஜி பாடசாலை, வீடியோவாகப் பார்க்க என்பிடெல், ஸ்வயம்.

டேட்டா தீர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் கல்லூரி வைஃபையில் பிடிஎஃப் இறக்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

வேலூர் சம்பந்தமாக ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். விக்கிப்பீடியா தவிர எதுவும் கிடைக்கவில்லை.

கிடைக்கும். எந்தச் சொல்லைக் கொண்டு தேடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1806 ஜூலை 10 கோட்டையில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கலகம் என்று எழுதுவார், ஒருவர் புரட்சி, ஒருவர் எழுச்சி, ஒருவர் சிப்பாய்க் கிளர்ச்சி. ஆங்கிலத்தில் மியூட்டினி என்று தேடினால் ஒரு கூட்டம் வரும், ரிவோல்ட் என்றால் வேறு கூட்டம். எல்லாவற்றிலும் தேட வேண்டும். ஊரின் பெயரும் அப்படித்தான், வேலூர், வெல்லூர், ராயவேலூர், பழைய ஆங்கில நூல்களில் வேறு எழுத்துக்கூட்டல்.

அதைவிடப் பெரிய சிக்கல் மாவட்டம். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடம் சித்தூர், இன்றைக்கு அது ஆந்திரா. 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அதனால் பழைய ஆவணத்தில் வேலூர் என்று தேடினால் வராது, வட ஆற்காடு என்று தேட வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டம் 39 லட்சத்துச் சொச்சம் என்று இருக்கும், அதில் வாலாஜா, அரக்கோணம், வாணியம்பாடி எல்லாம் சேர்ந்திருக்கிறது. அந்த எண்ணை எடுத்து இன்றைய வேலூர் மாவட்டத்தின் மேல் ஒட்டிவிட்டு ப்ராஜெக்ட்டைச் சமர்ப்பித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், வைவாவில் மாட்டிக்கொண்டார்கள். தாலுகா வாரியாக எடுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எதில் தொடங்குவது? 1881-ல் காக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து, 1890-களில் ஸ்டூவர்ட் திருத்தி இரண்டு தொகுதிகளாக வெளிவந்த வட ஆற்காடு மாவட்ட மேனுவல். பாலாற்று ஏரிகள், சாதிகள், பஞ்சம், வரி எல்லாம் அதில் இருக்கும். எழுதியது ஆங்கிலேய அதிகாரி என்பதை மறக்காமல் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்து, ஹுல்ஷ் 1890-ல் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி. அதில் நம்ம விரிஞ்சிபுரம் கோயில் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 1425-ஆம் ஆண்டு, விஜயநகர தேவராயர் காலம். படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், தமிழர், தெலுங்கர், கன்னடர், லாடர் (குஜராத் பக்கத்தவர்) எல்லோரும் கூடி, இனிமேல் கல்யாணம் கன்னிகாதானமாகத்தான் நடக்க வேண்டும், பெண்ணுக்காகப் பொன் வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் தண்டிக்கப்படுவார்கள், சாதியிலிருந்தும் விலக்கப்படுவார்கள் என்று கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். சமூகவியல் படிக்கிற ஒரு மாணவி வரதட்சணை பற்றி ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்தாள், இதைக் காட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவளே பஸ் ஏறி விரிஞ்சிபுரம் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

அந்தக் கல்வெட்டுத் தொகுதி இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேனாகவே கிடைக்கிறது, மேனுவலையும் அங்கேயே தேடுங்கள். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள்.

விஐடி, சிஎம்சி நூலகங்களுக்கு வெளி மாணவர்கள் போகலாமா?

அவை அந்தந்த நிறுவனத்து ஆட்களுக்கானவை, வாசலில் போய் நின்றால் செக்யூரிட்டி விடமாட்டார். முறை ஒன்று உண்டு, எந்தப் பெரிய நூலகத்துக்கும் அதே முறைதான். உங்களுக்கு வேண்டிய புத்தகம் அங்கே இருக்கிறதா என்று முதலில் அவர்களுடைய ஓபாக்கில் பாருங்கள். இருந்தால் உங்கள் முதல்வரிடமோ நூலகரிடமோ அறிமுகக் கடிதம் வாங்குங்கள், இன்ன புத்தகத்தை, இன்ன தேதியில் அங்கேயே உட்கார்ந்து பார்க்க அனுமதி வேண்டும் என்று. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். சில சமயம் கடிதமே இல்லாமல், உங்கள் நூலகரே அந்த நூலகரிடம் பேசி ஒரு அதிகாரத்தை ஸ்கேன் வாங்கித் தரவும் முடியலாம். நாங்கள் ஒருவருக்கொருவர் இப்படிச் செய்துகொள்வது உண்டு.

மாவட்ட மைய நூலகத்தில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

உங்கள் வீட்டுப் பணம் இருக்கிறது. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்த்து வசூலிக்கப்படுகிறது, கிளை நூலகங்கள் எல்லாம் அதில்தான் நடக்கின்றன. உறுப்பினர் ஆக ஒரு சின்னக் காப்புத்தொகையும் சந்தாவும்தான். டிஎன்பிஎஸ்சி, எஸ்எஸ்சி தயாரிக்கிறவர்கள் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள். லீவு நாளில் கல்லூரி நூலகம் மூடியிருக்கும்போது உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் போய் உட்காருங்கள், குடியாத்தத்துப் பையன் எதற்கு வேலூர் வர வேண்டும்?

சென்னைக்குப் போய்ப் பார்ப்பது செலவுக்குத் தகுமா?

பட்டப்படிப்பு ப்ராஜெக்ட்டுக்குத் தேவையில்லை. முதுகலைக்கும் ஆய்வுக்கும் ஒருநாள் போய் வரலாம், காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர்தான். எங்கே போவது என்பது வேலையைப் பொறுத்தது. பொதுவாகப் புத்தகம் வேண்டும் என்றால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். பழைய அச்சுப் புத்தகம் வேண்டும் என்றால் எழும்பூர் கன்னிமாரா, 1896-ல் திறந்தது, இந்தியாவில் வெளிவரும் புத்தகங்களின் ஒரு பிரதியைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. பழைய தமிழ் இதழ்கள், துண்டுப் பிரசுரங்கள் என்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அரசாணை, கலெக்டர் கடிதம் போன்றவற்றுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அங்கே கல்லூரிக் கடிதத்தோடு முன் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். வேண்டிய தலைப்புகளை எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போய்த் தேடத் தொடங்கினால் சாயங்கால ரயிலுக்கு நேரமாகிவிடும்.

சாட்ஜிபிடி கொடுத்த புத்தகப் பட்டியலைக் கொண்டுவந்தேன், ஒன்றுகூட உங்களிடம் இல்லையே?

உலகத்திலேயே இல்லாமல் இருக்கலாம். இப்போதெல்லாம் வாரத்துக்கு ஒருவராவது இப்படி ஒரு தாளோடு வருகிறார்கள். ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், பதிப்பகமும் உண்மையாக இருக்கும், அந்தப் புத்தகம் மட்டும் எழுதப்பட்டே இருக்காது. பாடம் புரியவில்லை என்றால் அதனிடம் விளக்கம் கேளுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் துணைநூற்பட்டியலில் ஒரு வரி எழுதும் முன் அந்தப் புத்தகத்தையோ கட்டுரையையோ உங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

பிளேஜியரிசம் (அடுத்தவர் எழுதியதைக் காப்பியடிப்பது) எத்தனை சதவீதம் வரை விடுவார்கள்?

ஆய்வேடுகளுக்கு யுஜிசி 2018 விதி, 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் நடவடிக்கை இல்லை, அதற்கு மேல் 40, 60 சதவீதம் என்று போகப் போகத் தண்டனையும் படிப்படியாக ஏறும். எண்ணைப் பற்றி யோசிக்காமல், எடுத்த இடத்திலேயே எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று குறித்து வைக்கப் பழகுங்கள். சோட்டெரோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, அதுவே பட்டியலைப் போட்டுத் தரும். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தாலும் அதே வேலை நடக்கும்.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது. 2016-ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில், கேட்டுப் படிக்கக்கூடிய வடிவிலும் பிரெய்லுக்கு ஏற்ற வடிவிலும் புத்தகங்கள் கிடைக்கின்றன. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவச ஸ்க்ரீன் ரீடரை நூலகக் கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டுத் தரச் சொல்லுங்கள், போடாததற்குக் காரணம் இதுவரை யாரும் கேட்காததாகத்தான் இருக்கும். பாடப்புத்தகத்தை ஸ்கேன் செய்து கொடுக்கவும் கேட்கலாம், மாற்றுத்திறனாளிகளுக்காக அப்படி மாற்றிக் கொடுக்கக் காப்புரிமைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. வாசித்துக் காட்ட வகுப்புத் தோழர்களில் ஒருவர் முன்வந்தால் தனி அறை ஒதுக்கித் தருவோம், எங்களிடம் அப்படி இரண்டு வருஷம் நடந்தது.

எடுத்த புத்தகம் தொலைந்துவிட்டது. ஹால் டிக்கெட்டை நிறுத்திவிடுவார்களா?

உடனே வந்து சொல்லுங்கள். ஒளித்துக்கொண்டே இருந்தால்தான் ஃபைன் ஏறும், கடைசியில் பாக்கி எதுவும் இல்லை என்ற நோ ட்யூ கையெழுத்து நிற்கும், டிசி நிற்கும். சொல்லிவிட்டால் அன்றோடு நாள் கணக்கு நின்றுவிடும், அதே புத்தகத்தின் அதே அல்லது புதிய பதிப்பை வாங்கிக் கொடுத்தாலே பல இடங்களில் போதும். பழைய காப்பி பாதி விலைக்குக் கிடைத்தாலும் நல்ல நிலையில் இருந்தால் எடுத்துக்கொள்வோம். மொத்தமாகக் கட்ட முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். ஒரு புத்தகத்துக்காகப் படிப்பை நிறுத்தியவனை எனக்குத் தெரியும், முன்னூற்றுச் சொச்சம் ரூபாய் புத்தகம், யாரிடமும் சொல்லாமலே நின்றுவிட்டான்.

எங்களுக்கு வேண்டிய புத்தகம் நூலகத்தில் இல்லை. வாங்கச் சொல்ல மாணவர்களுக்கு உரிமை உண்டா?

உண்டு. கவுன்ட்டரில் ஒரு பரிந்துரை நோட்டு இருக்கும், இல்லை என்றால் ஒரு வெள்ளைத் தாள் போதும். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், தெரிந்தால் ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான தனி எண்), எந்தப் பாடத்துக்கு என்று எழுதி, வகுப்பில் ஐந்தாறு பேர் கையெழுத்துப் போட்டு, உங்கள் துறை ஆசிரியரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். புத்தகம் வாங்கும் கமிட்டி கூடும்போது அந்தத் தாளைத்தான் நாங்கள் மேசையில் வைப்போம். தாள் எதுவும் வராத துறைக்குப் போன வருஷப் பட்டியலே திரும்பவும் போய்விடுகிறது. நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் டிசம்பருக்குள் கொடுத்துவிடுங்கள்.